ஆறாவது இலக்கம்

எங்கள் வேலையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு, நோய்க் குறியீட்டுப் புத்தகத்தில் காயம் எதனால் வந்தது என்று சொல்லும் இருபதாம் அத்தியாயம் என்றால் ஒரே சிரிப்பு. நீரிழிவு, ஈரல், முள்ளந்தண்டு என்று தலையிடி பிடித்துப்போய் இருப்பவர்கள் இந்த அத்தியாயம் வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். வாத்து அடித்துக் காயப்பட்டவருக்கு ஒரு குறியீடு. பின்னல் வேலை செய்யும்போது காயப்பட்டவருக்கு ஒரு குறியீடு. ஜெட் எஞ்சினுக்குள் இழுபட்டவருக்கு ஒரு குறியீடு. அதிலும், இழுபட்டு முடிந்து, பிறகு மருந்து கட்டத் திரும்பி வருகிறவருக்குத் தனியாக இன்னொன்று. "எப்படித் திரும்பி வருவார் அக்கா?" என்று ஒவ்வொரு பட்ச்சிலும் ஒருவராவது கேட்பார். நானும் முதல்தடவை கேட்பவள்போலச் சிரிப்பேன்.

நான் மெடிக்கல் கோடர். கொழும்பில் இருந்துகொண்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சார்ட்டுகளை வாசிக்கிறேன். வைத்தியர் எழுதியதைப் பார்த்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய எழுத்தையும் இலக்கத்தையும் போட்டால் அங்கே இன்சூரன்ஸ்காரர் காசு கொடுப்பார். அங்கே பகல் என்றால் இங்கே இரவு. மாலை ஆறரைக்கு வெள்ளவத்தையில் ஒபிஸ் வான் ஏற்றும், விடிய நாலு மணிக்கு இறக்கிவிடும். அந்த நேரத்தில் காலி வீதியில் நாய்களும் பேப்பர் கட்டு இறக்குகிற ஆட்களும் மட்டும்தான். பதினொரு வருசமாக இதுதான் சீவியம். இப்போது மூன்று வருசமாகப் புதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவும் விட்டிருக்கிறார்கள்.

போன பட்ச்சில் ஹட்டன் பக்கத்துப் பொடியன் ஒருவன் இருந்தான். மற்றவர்கள் வாத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் புத்தகத்தைக் கடைசிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிருந்தான்.

"அக்கா, அணுகுண்டுக்கும் கோட் இருக்குங்க."

"இருக்கு."

"ஒன்னு ரெண்டு இல்லீங்க அக்கா. ஒரு பக்கமே இருக்கு."

அவன் சொன்னது சரி. எண்ணிப்பார்த்தால் 36 இருக்கிறது. குறியீட்டின் தலைப்பே வை 36 என்பதால் எண்ணிக்கை மனதில் நின்றுவிடும். (ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதினால் பார்க்க ஒரு மாதிரித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) வை 36 என்பது போர் நடவடிக்கைகள். அதற்குள் வை 36.5 அணு ஆயுதம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் வை 36.5 என்ற ஒற்றை வரியோடு சரி, முடிந்தது. அமெரிக்கர்கள் அதை எடுத்துத் தங்களுக்கென்று விரித்து எழுதி, 2015 ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் பாவிக்கிறார்கள். அந்த விரித்த புத்தகம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

விரித்த விதம் இப்படி. ஐந்தாவது இலக்கம், குண்டு ஆளை என்ன செய்தது என்று கேட்கும். பூச்சியம் என்றால் எதுவென்று தெரியாது. ஒன்று என்றால் வெடிப்பின் அமுக்கம் நேரே தாக்கியது. இரண்டு என்றால் அமுக்கம் ஆளைத் தூக்கி எறிந்தது, அல்லது இடிபாடு வந்து விழுந்தது. மூன்று வெப்பம். நான்கு கதிர்வீச்சு, வானத்திலிருந்து இறங்கும் கதிரியக்கத் தூசும் இதற்குள்தான். ஒன்பது மற்றவை. குண்டு தரைக்கு மேலே ஆகாயத்தில் வெடித்தால் அதன் சக்தியில் ஏறக்குறைய பாதி அமுக்கமாகவும், மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட வெப்பமாகவும், மிச்சம் கதிர்வீச்சாகவும் போகும் என்று பௌதிகத்தில் சொல்வார்கள். அந்தப் பங்கீட்டையே தூக்கி ஐந்தாம் இலக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஏழாவது இடத்தில் ஒரு எழுத்து வரும். ஏ, டீ, எஸ். புதுப் பிள்ளைகள் தவறாமல் பிழை விடுவது இங்கேதான். ஏ என்றால் முதல்தரம் வருவது, டீ என்றால் இரண்டாம்தரம் வருவது என்று நினைப்பார்கள். அப்படியில்லை. காயத்துக்கு நேரடியான சிகிச்சை நடக்கும்வரை பத்துத்தரம் வந்தாலும் ஏதான். ஆறுகிற காலத்தில் வருவது டீ. காயம் ஆறி வருசக்கணக்கான பிறகு அது விட்டுப்போனதற்கு, தழும்புக்கோ இழுத்துப்பிடித்த விரலுக்கோ, வருவது எஸ்.

இடையில் ஆறாவது இலக்கம். பூச்சியம் என்றால் படையாள். ஒன்று என்றால் பொதுமகன். ஆறு வகை, இரண்டு மனிதர், மூன்று எழுத்து. 36 ஆகிவிட்டதா?

"இது யாருக்குங்க அக்கா?" என்று அவன் கேட்டான். யார் பில் போடப்போகிறார்கள் என்பதுதான் அவன் கேள்வி. நியாயமான கேள்விதான். குண்டு விழுந்த ஊரில் எவன் சார்ட் எழுதுவான்? ஹிரோஷிமாவில் வைத்தியர், தாதிமாரில் 90 சதவீதமளவில் அன்றைக்கே செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். தப்பியவர்களுக்கும் என்ன எழுதுவது என்று விளங்கவில்லை. இரத்தமாகப் போகிறதைப் பார்த்துவிட்டு வயிற்றுளைவு என்று நினைத்துத் தொற்றுநோய்க்காரரைப்போலத் தனியாக வைத்தார்கள். காயமே இல்லாமல் நன்றாக நடமாடிய ஆட்களுக்கு இரண்டு மூன்று கிழமை கழித்துத் தலைமயிர் கொத்தாகக் கையோடு வந்தது, தோலில் ஊதாப் புள்ளிகள் போட்டது. காரணம் தெரியாத இடத்தில் குறியீடு எங்கே?

ஆனால் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இந்தக் குறியீடு உண்மையிலேயே தேவைப்பட்டிருக்கக்கூடிய ஒரு காலம் இருந்தது. 1955 மே மாதம். ஹிரோஷிமாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தபோது முகமும் கையும் வெந்துபோன 25 இளம் பெண்களை நியூயோர்க்குக்குக் கூட்டிவந்து மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை செய்தார்கள். நூறுக்கும் மேலே சத்திரசிகிச்சைகள். ஒரு பெண் அங்கேயே, சத்திரசிகிச்சையின்போது இறந்துபோனாள். வைத்தியர்கள் காசு வாங்கவில்லை, ஆகவே பில்லும் இல்லை. இருந்தாலும் பயிற்சிக்கு இதைவிட நல்ல சார்ட் கிடையாது என்று எனக்குத் தோன்றியது. பலகையில் எழுதினேன்: பெண், வயது 23, முகத்திலும் கழுத்திலும் தடித்த தழும்பு, பத்து வருசத்துக்கு முன் பட்ட மூன்றாம் பாகை எரிகாயம். கோட் பண்ணுங்கள்.

பத்து நிமிசம் வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு சண்டை பிடித்துப் பிடித்துச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முதலில் இன்றைக்கு இருப்பது, அதாவது தடித்த தழும்பு: எல் 91.0. அடுத்து அது எதிலிருந்து வந்தது, முகத்திலும் கழுத்திலும் பட்ட எரிகாயம்: ரீ 20.39 எக்ஸ் எஸ். கடைசியாக அந்தக் காயம் எதனால் வந்தது: வை 36.531 எஸ். போர், அணு ஆயுதம், வெப்பம், பொதுமகள், பிந்திய விளைவு. ஒரு பெண்ணின் பத்து வருசம் ஏழு இடத்துக்குள் அடங்கிவிட்டது.

முன்வரிசையில் இருந்த சிங்களப் பிள்ளை கறுப்பு வெள்ளைப் பூப்போட்ட சட்டை போட்டிருந்தாள். ஹிரோஷிமாவில் சிலருக்குக் கிமோனோத் துணியின் கோலம் முதுகில் அப்படியே பதிந்துபோனதைப் பற்றிச் சொன்னேன். கறுப்பு நிறம் வெப்பத்தை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பும். அதனால் கறுப்புப் பூ இருந்த இடம் வெந்தது, வெள்ளை இருந்த இடம் தப்பியது. அவள் தன் கைச்சட்டையைக் குனிந்து பார்த்தாள். நான் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

சூடு பிடித்துவிட்டதால் இன்னொன்றும் கொடுத்தேன். இது கொஞ்சம் கள்ளக் கேள்வி. 1954 மார்ச் முதலாம் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா 15 மெகாதொன் ஐதரசன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. அபாய வலயம் என்று அறிவித்த எல்லைக்கு வெளியே ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று நின்றது, 23 பேர். சில மணித்தியாலத்தில் வெள்ளைத் தூள் படகு முழுக்கக் கொட்டியது. வெடிப்பில் தூளான பவளப்பாறை. அவர்கள் தூண்டில் கயிறுகளை இழுத்து முடித்துத்தான் வீடு திரும்பினார்கள். படகில் வானொலித் தொடர்பைக் கவனித்த அய்கிச்சி குபோயாமா அந்த வருசம் செப்டெம்பர் 23 அன்று இறந்தார். வயது 40. வெளிக்காரணம் என்ன?

போர் இல்லை, ஆகவே வை 36 போகாது. ஒரு பிள்ளை டபிள்யூ 88 என்றாள், சாதாரணமாகக் கதிர்வீச்சுப் படுவதற்கு உள்ளது. ஹட்டன் பொடியன் வை 37 என்றான். வை 37 என்பது சமாதான காலத்து இராணுவ நடவடிக்கைகள். அங்கேயும் அணு ஆயுதத்துக்கு அதே மாதிரி ஒரு தொகுதி இருக்கிறது. ஆனால் அதன் குறிப்பில் இராணுவக் காணியில், அல்லது வழமையான பயிற்சியின்போது என்று இருக்கும். நடுக்கடல் யாருடைய காணி? 15 மெகாதொன் வழமையா? நான் வை 37.541 ஏ என்றுதான் போடுவேன், ஆனால் அடித்துச் சொல்லமாட்டேன். அதைவிட முக்கியமான சிக்கல் வேறு. ஜப்பானிய வைத்தியர்கள் அவர் கதிர்வீச்சால் செத்தார் என்றார்கள். அமெரிக்கத் தரப்பு ஈரல் அழற்சி என்றது, ஏற்றிய இரத்தத்தால் வந்ததாக இருக்கும் என்றது. ஈரல் அழற்சி என்று ஒரு வைத்தியர் எழுதி, அதற்குமேல் எதுவும் எழுதாமல் கையெழுத்து வைத்தால் கோடர் என்ன செய்வது? ஈரல் அழற்சிக்குரிய இலக்கத்தைப் போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போகவேண்டியதுதான். குண்டு மறைந்துவிடும். வைத்தியர் எழுதாததைக் கோடர் எழுதக்கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் நாள் படிப்பிக்கிற பாடம்.

இந்த இடத்தில் வகுப்பில் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். இந்த வெளிக்காரணக் குறியீடுகளால் ஒரு சதம்கூட வராது. நோய்க்கும் காயத்துக்கும்தான் காசு. காரணத்தைக் கட்டாயம் எழுதவேண்டும் என்று அமெரிக்கா முழுக்கப் பொதுவான விதியும் இல்லை, சில மாநிலங்களும் சில இன்சூரன்ஸ்காரரும்தான் கேட்பார்கள். எனக்கு மணித்தியாலத்துக்கு இத்தனை சார்ட் என்று கணக்கு. ஆகவே விடிய இரண்டு மணிக்குக் கண் சொருகும்போது நானும் காரணத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். எலும்பு முறிவு, இடது கை. சரி. எப்படி முறிந்தது? புருசன் முறுக்கினானா, படியில் விழுந்தாளா? விட்டாச்சு.

அணு ஆயுதப் பக்கத்தைத் தாண்டினால் அடுத்து வை 38. பயங்கரவாதம். அதிலும் அணு ஆயுதத்துக்கு ஒரு வரி உண்டு, வை 38.5. அதை நான் வகுப்பில் வேகமாகத்தான் கடப்பேன். ஏனென்றால் அங்கே ஆறாவது இடம் வேறு மாதிரி. ஒன்று என்றால் பொதுப் பாதுகாப்பு உத்தியோகத்தர். இரண்டு என்றால் பொதுமகன். மூன்று என்றால் பயங்கரவாதி. அடிபட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஆளுக்கு அந்த மூன்றைப் போட ஏற்பாடு இருக்கிறது. நியாயமாகச் சொன்னால் புத்தகத்தில் ஒரு காவலும் உண்டு. சம்பவத்தைப் பயங்கரவாதம் என்று அமெரிக்க மத்திய அரசு, அதாவது எஃப்பிஐ, சொல்லியிருக்கவேண்டும். சந்தேகம் என்றால் வை 38 போடக்கூடாது, தாக்குதல் என்றுதான் போடவேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு புத்தகம். எங்கள் ஊரில் அப்படியொன்று இருந்திருந்தால் எத்தனை பேர் எத்தனை வருசம் வெளியில் இருந்திருப்பார்கள்!

அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது அநேகமாக எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம் வரும்.

சித்தப்பா கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். 2009 தொடக்கத்தில் சனத்தோடு சனமாக நகர்ந்து நகர்ந்து மாத்தளன் வரை போய், அங்கே ஷெல் துண்டு இடது தோளில் பட்டது. பள்ளிக்கூடத்தில் நடந்த ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, பிறகு செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றினார்கள். அங்கே பெரிய துண்டை எடுத்துவிட்டார்கள். சின்னதுகளைத் தேடிக் கிண்டினால் நரம்பு போய்விடும் என்று விட்டுவிட்டார்களாம். இவ்வளவும் எனக்கு இப்போதுதான் தெரியும். கன வருசமாக அவர் இதைப் பற்றிக் கதைத்ததேயில்லை. முகாமில் காயம் உள்ள ஆம்பிளைகளைத் தனியாக விசாரித்த காலத்தில் பழகிய பழக்கம். தோளை மூடித்தான் குளிப்பார்.

இரண்டு வருசத்துக்கு முன் அவருக்குக் கை விறைக்கத் தொடங்கியது. ஊரில் காட்டிச் சரிவரவில்லை, கொழும்புக்குக் கூட்டிவந்தேன். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். எடுப்பதற்கு முன் ஒரு தாள் தருவார்கள், ஆம் இல்லை என்று புள்ளடி போட. பேஸ்மேக்கர் உண்டா, பொய்ப்பல் உண்டா, உடம்பில் உலோகத் துண்டு, குண்டுச் சிதறல் உண்டா? நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல அவர் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வரி வந்ததும் சுற்றிப் பார்த்தார்.

"இல்லையெண்டு போடு பிள்ளை."

"சித்தப்பா, உள்ளுக்க பெரிய காந்தம் இருக்கு. இரும்பு கிடந்தா இழுக்கும்."

"அப்ப கம்பி குத்தினதெண்டு போடு."

நான் உலோகம் உண்டு என்று மட்டும் புள்ளடி போட்டேன். முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் தோள்மூட்டுக்குக் கீழே மூன்று வெள்ளைப் புள்ளி, குருணல் அரிசி அளவில். ஒன்று மட்டும் கொஞ்சம் நீளம். எம்ஆர்ஐ வேண்டாம் என்று சிடி ஸ்கானுக்கு மாற்றிவிட்டார்கள். வைத்தியர் இளம் ஆள், மரியாதையான ஆள், "எப்படி வந்தது?" என்று ஒருதரம் கேட்டார். சித்தப்பா கடையில் கம்பி குத்தியது என்றார். மூன்று இடத்திலா என்று வைத்தியர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நல்லெண்ணத்தில் என்றுதான் நினைக்கிறேன். டயக்னோசிஸ் கார்டில் 'ஃபொரின் பொடி, இடது தோள்' என்று எழுதினார். காரணத்துக்குரிய இடத்தில் ஒன்றுமில்லை.

ஓட்டோவில் திரும்பி வரும்போது அந்தக் கார்டை எனக்கு நேரே பிடித்தார்.

"இதென்ன ஃபொரின் எண்டு போட்டிருக்கு?"

"உடம்புக்கு உரித்தில்லாத சாமான் எண்டு அர்த்தம் சித்தப்பா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கிறார். வெளிநாட்டுச் சாமான்தானே அது" என்றார். ஓட்டோக்காரத் தம்பிக்குத் தமிழ் தெரியும்போல, கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்தான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வை 36 பக்கத்தோடு ஒரு சொந்தம் வந்தது. அணுகுண்டுக்கு 36 இடம் ஒதுக்கிவிட்டுக் காத்திருக்கிற புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும்போது எனக்கு முன்னைப்போலச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் புத்தகமாவது கேட்கிறது. யார், எது பட்டது, எத்தனை காலம் சென்று வந்திருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் விட்டிருக்கிறது. ஜப்பானில் கேட்டு வாங்குவதற்கே வழக்குப் போடவேண்டியிருந்தது. 1957இல் சட்டம் போட்டுக் குண்டில் தப்பியவர்களுக்குச் சுகாதாரக் கையேடு கொடுத்தார்கள். அன்றைக்கு நகரத்துக்குள் நின்றவர், இரண்டு கிழமைக்குள் உள்ளே போனவர், காயக்காரரைப் பராமரித்தவர், தாய் வயிற்றில் இருந்தவர் என்று நாலு வகை. குண்டுக்குப் பிறகு பெய்த கறுப்பு மழையில், அரசு கீறிய கோட்டுக்கு வெளியே நனைந்த 84 பேருக்கு அந்தக் கையேடு கொடுக்கவேண்டும் என்று ஹிரோஷிமா மேல் நீதிமன்றம் சொன்னது 2021இல். 76 வருசம். மழை கோடு பார்த்தா பெய்கிறது?

இலங்கைக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. அணு ஆயுதத்தைப் பாவிப்பதோ பாவிப்பேன் என்று மிரட்டுவதோ எந்த நிலைமையிலும் சட்டவிரோதம் என்று 1996இல் சர்வதேச நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் கொழும்பில் பிறந்த நீதியரசர் வீரமந்திரி. மற்ற நீதிபதிகள் பலர் தயங்கிய இடத்தில் அவர் நின்று எழுதினார். அணு ஆயுதத் தடை உடன்படிக்கையில் இலங்கை 2023 செப்டெம்பரில் சேர்ந்தது. சந்தோசம். எங்களிடம் இல்லாத குண்டை நாங்கள் பாவிக்கமாட்டோம் என்று கையெழுத்து வைப்பது சுலபம்தான், இருந்தாலும் வைக்காமல் விடுவதைவிட நல்லது.

போன தீபாவளிக்குச் சித்தப்பா வந்து நின்றார். எனக்கு லீவு. அவர் தன் கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, கார்ட் எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு வைத்திருப்பார், எங்கே போனாலும் அது கூட வரும். மேசையில் கிடந்தது. தேத்தண்ணி குடித்துக்கொண்டே சும்மா ஒரு கடதாசித் துண்டை எடுத்து, அவரை ஒரு சார்ட்டாக நினைத்து எழுதிப் பார்த்தேன். எம் 79.5, தசைக்குள் மிஞ்சிய வேற்றுப் பொருள். இஸட் 18.10, உலோகத் துண்டு. எஸ் 41.042 எஸ், இடது தோளில் குத்திய காயம், முன்னும் ஒரு எஸ் பின்னும் ஒரு எஸ். பிறகு வை 36.251 எஸ். போர், வெடிபொருட் சிதறல், பொதுமகன், பிந்திய விளைவு. வைத்தியர் எழுதாததைக் கோடர் எழுதக்கூடாது என்ற பாடத்தை முதல்தடவையாக மீறினேன், அதுவும் பென்சிலால்.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதென்ன லொத்தர் இலக்கமே?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி வரியில் விரலை வைத்தார். எழுத்தைக் கேட்கவில்லை. "இந்த ஒண்டு?"

"படையாளெண்டா பூச்சியம் வரும். சனமெண்டா ஒண்டு."

"ஆர் முடிவெடுக்கிறது?"

"சார்ட்டில என்ன இருக்கோ அதைப் பாத்துப் போடுறது."

"என்ர சார்ட்டில ஒண்டும் இல்லையே."

"நீங்கள் சொன்னதை வச்சுப் போட்டனான்."

அவர் கடதாசியை இரண்டாக மடித்தார், திரும்ப நாலாக மடித்தார். கிழிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பையைத் திறந்து எக்ஸ்ரே உறைக்குள் வைத்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பென்சில் அழிஞ்சு போகும். பேனையால எழுதித் தா."